சாமிக்கு ஒரு படம், பிள்ளைக்கு ஒரு படம்

அண்ணன் சர்வேசுரனிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. வருடப் பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் கொடுக்கும் இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது லாபிஸ் பக்கம் கித்தா என்கிற ரப்பர் மரத் தோட்டம் ஒன்றில். ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார்கள். அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. எனக்கு எட்டு. அண்ணன் ஜோகூர் பாருவுக்கு ரயில் ஏறினார். தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் படம் பிடிக்கும் கடையில் வேலை கிடைத்தது. என்னைக் கங்காணி புல்வெட்டுக்கு அனுப்பினார்.

கொஞ்ச நாளில் பிரான்சு தேசத்துப் பாதிரியார் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். அவரைச் சாமி என்றே அழைப்போம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு போனார். அதில் நானும் ஒருத்தி. ஜோகூர் பாருவில் தெப்ராவ் சடக்கு என்னும் சாலையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய மடத்தில் எங்களை விட்டார். உடம்பில் ஒரு சாக்குச் சட்டையோடு போய் இறங்கினேன். அண்ணனுக்கு விஷயம் தெரிந்து வந்து பார்த்தபோது என் தலையில் எண்ணெய் இருந்தது, வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போனார். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வருவார்.

மடம் இருந்தது வாடகைப் பலகை வீட்டில். வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டார். வேறு இடம் இல்லாவிட்டால் பிள்ளைகளைத் தோட்டங்களுக்கே அனுப்ப வேண்டும். சாமி தம் தேசத்தாரிடம் உதவி கேட்டு எழுத நினைத்தார். கடிதத்தோடு ஒரு படமும் போகட்டும் என்று அண்ணனைக் கேட்டார். தவுக்கே படப்பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்.

அண்ணன் விடிந்ததும் வந்துவிட்டார். இருபத்திரண்டு பிள்ளைகளையும் கிணற்றடியில் குளிக்க வைத்தார். எண்ணெய் தேய்த்துத் தலை வாரச் சொன்னார். கோவிலுக்கு வரும் குடும்பங்களிடம் நல்ல சட்டைகளை இரவல் வாங்கி வந்திருந்தார். என் சிநேகிதி செபமாலை கேட்டாள், “ஏ லாபிஸ்காரி, ஒங்கண்ணன் படம் புடிக்க வந்தாரா, நமக்கு மாப்ள பாக்க வந்தாரா?” எல்லோரும் சிரித்தோம். படம் நன்றாக வந்தது.

சாமி அதை வெகுநேரம் பார்த்தார்.

“மகனே, இது மிகவும் நல்ல படம். இதை அனுப்பினால் ஒருவரும் ஒன்றும் தரமாட்டார்கள். இவர்கள் என் தேசத்துப் பிள்ளைகளை விட நன்றாக இருக்கிறார்கள்.”

“படம்னா குளிச்சிட்டுத்தானே சாமி நிப்போம்?” என்றார் அண்ணன். எங்கள் சனத்துக்கு அப்படித்தான் தெரியும். அழுக்கோடு யாராவது படத்துக்கு நிற்பார்களா?

பிள்ளைகள் வந்தபோது போட்டிருந்த துணியில் எடுக்கச் சொன்னார் சாமி.

“அடுத்தவங்க புள்ளய அப்படி நிக்க வைக்க மாட்டேன் சாமி. கேக்க ஆளில்லன்னு செஞ்சிரக் கூடாது.”

“அப்படியானால் வீடு போய்விடும், மகனே.”

அண்ணன் கடைக்குத் திரும்பிப் போனார். அடுத்த ஞாயிறு மறுபடியும் படப்பெட்டியோடு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சாக்குச் சட்டைல ஒரு படம் எடுக்கணும். நீ என் தங்கச்சி. ஒன்கிட்டதான் நான் கேக்கலாம்.”

“நான் மாட்டேண்ணே.”

“சரி” என்று மூன்று கால் கட்டையை மடக்கத் தொடங்கினார்.

“எடுக்கலேன்னா என்ன ஆகும்?”

“வீடு போயிரும். நீ லாபிஸுக்குப் போவே. செபமாலையுந்தான்.”

நான் உள்ளே போனேன். அந்தச் சட்டையைக் கன்னியாஸ்திரீ அம்மாமார் துவைத்து வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டேன். குட்டையாகிவிட்டிருந்தது. தலையை நானே அவிழ்த்துவிட்டேன். நல்ல வெயிலில் சுவர் ஓரம் நின்றேன். அண்ணன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே வர நேரமானது. வந்தபோது கண் சிவந்திருந்தது. “வெயிலு கூசுது” என்றார்.

குளித்த படத்தையும் சேர்த்துச் சாமி இரண்டையும் அனுப்பினார். பல மாதம் கழித்து உதவி வந்தது. மடத்துக்குச் சொந்தக் கட்டடம் எழும்பியது. ஒரு பிள்ளையும் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. அந்த உதவியோடு அச்சடித்த அட்டை ஒன்றும் வந்திருந்தது. அதில் இரண்டு படங்கள். முதலில் நான் சாக்குச் சட்டையோடு. அடுத்து, வாரிய தலையோடு நாங்கள் எல்லோரும். கீழே அவர்கள் பாஷையில் ‘முன்பு’, ‘பின்பு’ என்று போட்டிருப்பதாகச் சாமி சொன்னார். அவருக்குச் சந்தோஷம்.

“வரிசை மாறியிருக்கு சாமி. குளிச்ச படந்தான் முன்ன எடுத்தது” என்றார் அண்ணன்.

“அவள் கிழிசலோடுதானே வந்தாள்? அது உண்மைதானே?”

“உண்மைதான் சாமி. ஆனா அன்னைக்கி நான் அங்க இல்ல.” அட்டையைச் சாமியிடம் திருப்பிக் கொடுத்தார். “இனிமே நீங்க போற எடத்துக்கு நானும் வரேன். இருக்கறத இருக்கறப்பவே எடுக்கறேன்.”

சொன்னபடி செய்தார். சாமியோடு ரயிலில் போனார், படகில் போனார், காட்டு அட்டைகள் காலைக் கடிக்க நடந்தும் போனார். காய்ச்சலில் கிடந்த பிள்ளை, பசியில் உட்கார்ந்த பிள்ளை, அம்மாமார் புண் கழுவிவிடும் பிள்ளை எல்லாவற்றையும் எடுத்தார். ஒருவரையும் இப்படி நில், அப்படி நில் என்று சொன்னதில்லை. பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதி, படம் பதியும் கண்ணாடித் தகட்டின் உறையில் ஒட்டுவார். வேண்டாம் என்றால் எடுக்க மாட்டார். மாசாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு தாய் சண்டைக்கு வந்தாராம்.

“எம்புள்ளய வெள்ளக்காரனுக்குக் காட்டவா எடுக்கற?”

“ஆமாக்கா. ஒனக்கும் ஒண்ணு எடுத்துத் தரேன். குளிப்பாட்டிக் கொண்டா.”

“படம் புடிக்க வந்தியா, குளிப்பாட்ட வந்தியா?” என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டாராம்.

அதுதான் அண்ணன் வழக்கம். சாமிக்கு ஒரு படம், பிள்ளைக்கு ஒரு படம். பிள்ளையின் படம் குளித்த படம். அதற்கு யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் அண்ணனுக்கு ‘குளிச்சாச்சா அண்ணன்’ என்று பெயர் வைத்தார்கள்.

கித்தா விலை விழுந்தபோது கடை மூடியது. தவுக்கே சீனாவுக்குப் போகும்போது படப்பெட்டியை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். அதன் பிறகு அண்ணன் காலையில் கித்தா மரத்தில் பால் வெட்டுவார். மத்தியானம் படம். அண்ணி ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த அட்டையைச் சாமி மடத்துக் கூடத்தில் மாட்டினார். மறுநாள் நான் கழற்றி ஒளித்து வைத்தேன். பெரியவளான பிறகும் யாருக்கும் காட்டவில்லை. யார் கழற்றியது என்று அண்ணன் கேட்கவில்லை. ஆனால் தெரிந்திருந்தது.

கடைசியில் நெஞ்சு நோவு வந்து படுத்தார். ஒரு நாள் சாயங்காலம் என்னை வரச் சொன்னார். தலைமாட்டில் துணியில் சுற்றிய இரண்டு கண்ணாடித் தகடுகள் இருந்தன.

“சாக்குச் சட்டை ஒண்ணு, குளிச்சது ஒண்ணு. ஒன்னுது. ஒடைக்கணும்னா ஒடச்சிரு.”

“ஏண்ணே ஒடைக்கணும்?”

“அன்னைக்கி ஒன்கிட்ட கேட்டது தப்பான்னு இன்னும் தெரியல.”

“நான்தானே போய்ப் போட்டுக்கிட்டேன்” என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்காம் நாள் போய்விட்டார்.

நோயில் கூட இருந்த கன்னியாஸ்திரீகளுக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சாமிக்கும், தோளில் சுமந்தவர்களுக்கும், தங்கள் குளித்த படத்தைக் கையில் பிடித்தபடி கல்லறை வரை வந்த பிள்ளைகளுக்கும், அச்சுக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செபமாலை தூரத்திலிருந்து தன் பிள்ளைகளோடு வந்தாள். அவளுக்கும்.

தகடுகளை நான் உடைக்கவில்லை. இந்த மலரின் நடுப்பக்கத்தில் இரண்டு படங்களையும் போடச் சொல்லியிருக்கிறேன். சாக்குச் சட்டையில் நிற்பது நான்தான். எடுத்தவர் என் அண்ணன். குளித்த படம் முதலில், சாக்குச் சட்டை அடுத்து. வரிசை மாறிவிட்டதா அம்மா என்று அச்சுக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

மாறவில்லை என்றேன்.