மேவிஸின் நாலு நிமிடத் தையல்

கரவில் ஊரில் மேவிஸ் ஹாலினன் கை படாத ஜெர்சி கிடையாது. கரவில்லில் மட்டுமா? சுற்றுவட்டாரத்து எட்டு கிளப்புக்கும் முப்பத்தெட்டு வருடம் எண் வெட்டித் தைத்தவள் அவள். பந்தைக் கையிலும் பிடித்து ஆடும் அந்த ஊர்க் கால்பந்தில், சனிக்கிழமை மைதானத்தில் ஒருத்தனை ஒருத்தன் பிடித்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டே, "இழுடா, நல்லா இழு. சட்டை கிழியும், என் நம்பர் கிழியாது" என்பாள். வெறும் பேச்சில்லை. துணி நார்நாராகப் போய் எண் மட்டும் முழுசாக நின்ற ஜெர்சிகளை ஊரே பார்த்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பதினோரு வயதில் விட்டவள். ஆட்டு ரோமம் கத்தரிக்க வரும் ஆட்களின் அழுக்குத் துணியில்தான் வளர்ந்தாள். கல்யாணமான இரண்டாம் வருடம், வேலை தேடிப் போன கணவன் போனவன்தான். ஒரு நாள் அழுதாள். மறுநாள் வாசலில் 'சலவை, தையல்' என்று பலகை மாட்டினாள். எண் வெட்டுவதற்கு மற்ற ஊர்த் தையல்காரர்கள் பத்து அட்டை வைத்திருந்தார்கள். மேவிஸிடம் ஒன்பதுதான். ஆறைத் திருப்பி வைத்தால் ஒன்பது, அதற்கு எதற்கு இன்னொரு அட்டை? இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவள் பெருமைக்கெல்லாம் தலைப்பெருமை 1967 இறுதி ஆட்டம். எதிரி டல்லாரா. விடியலிலிருந்து மழை, மைதானம் முழுக்கச் சேறு. இடைவேளைக்கு வந்தபோது ஆறாம் எண்ணின் முதுகில் எண் இல்லை, அது அவன் கையில் கிடந்தது. அவன் பெயர் நீனோ பத்திஸ்தெல், புகையிலைத் தோட்டத்து இத்தாலிக்காரர் மகன். மாற்று ஜெர்சிகள் எல்லாம் முன்பே கிழிந்து தீர்ந்திருந்தன. எண் இல்லாதவன் இறங்கக் கூடாது என்று நடுவர் உடை மாற்றும் அறை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

நீனோ பெஞ்சில் குப்புறக் கிடந்தான். தொடை பிடித்துக்கொண்டதால் ஒருத்தன் கால்மாட்டில் நின்று தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேவிஸ் தலைமாட்டில் நின்றாள். வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. பந்து தைக்கும் மெழுகு பூசிய கறுப்பு நூலை வாங்கி, அவன் முதுகின் மேலேயே வைத்துப் பெரிய பெரிய குறுக்குத் தையலாகப் போட்டாள். நாலு நிமிடம். ஒரு தடவைகூட ஊசி தோலில் படவில்லை.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கரவில் இரண்டு புள்ளி பின்னால் நின்றது. ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. கோல் கம்பத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் குவிந்து விழுந்தார்கள். குவியலிலிருந்து ஒருத்தன் பந்தோடு வெளியே வந்து, வழுக்கிக்கொண்டே உதைத்தான், கோல். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்த சத்தத்தில் கடைசிச் சங்கு யார் காதிலும் விழவில்லை. சேற்றில் முப்பத்தாறு பேருக்கும் ஒரே முகம். முதுகில் தெரிந்தது ஒன்பது. ஒன்பது என்றால் லெக்ஸ் ஸ்ட்ராக்கன். சேற்றில் நினைவில்லாமல் கிடந்த லெக்ஸை, உதைத்ததும் விழுந்தவன் என்று நினைத்துத் தேடி எடுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். மறுநாள் பத்திரிகையில் பின்பக்கத்திலிருந்து எடுத்த படம் வந்தது. அதிலும் ஒன்பது. அந்தப் படம் கிளப் சுவரில் ஏறியது. அதன் கீழேதான் ஊர் இன்றுவரை பீர் குடிக்கிறது.

திங்கட்கிழமை மேவிஸ் ஜெர்சிகளை ஊறவைத்தாள். சேறு இறங்கித் தண்ணீர் தெளிந்தபோது தொட்டியில் இரண்டு ஒன்பது இருந்தது. ஆறு இல்லை. ஒன்றில் மிஷின் தையல், இன்னொன்றில் கறுப்பு நூல்.

தலைமாட்டில் நின்று தைத்தவளுக்கு அது நேராகத்தான் தெரிந்தது. நீனோ எழுந்து நின்றபோது தலைகீழாகிவிட்டது.

கை ஈரம்கூடத் துடைக்கவில்லை, கதவு தட்டப்பட்டது. வந்தவர் லீக் செயலாளர். நாலு நிமிடத் தையலைப் பற்றிக் கேள்விப்பட்டு, எட்டு கிளப் ஜெர்சிகளையும் அவளிடமே கொடுப்பதாகச் சொன்னார். மேவிஸ் சரி என்றாள். அவர் போனதும் கறுப்பு நூலைப் பிரித்து அடுப்பில் போட்டு, எண்ணைத் திருப்பித் தைத்தாள். அந்த வேலையில் வந்ததுதான் இரண்டு மிஷின், பிறகு கொட்டகை, பிறகு ஆறு பெண்களுக்குச் சம்பளம், பிறகு பெரிய தெருவில் சொந்தக் கட்டடம். எல்லாம் அந்தத் தலைகீழ் எண்ணின் மேல் நின்றது.

அந்த வாரமே நீனோ துணி வாங்க வந்தான். "அந்தக் கோல் நான் அடிச்சது மேவிஸ். எல்லாரும் படத்தைக் காட்டிச் சிரிக்கிறாங்க. நீயாவது நம்புறியா?"

"எனக்கு ஆட்டம் எங்கப்பா தெரியும்? தைக்கத்தான் தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. ஊரை விட்டுப் போகவும் இல்லை. கிளப்புக்கு வருவான், படத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவான். ஐம்பத்திரண்டு வருடம் அதே நாற்காலி.

கரவில்லில் நம்பர் நாள் என்று ஒன்று உண்டு. சீசனின் கடைசி ஆட்டத்தன்று மதியம், தொப்பிக்குள் சீட்டுப் போட்டு ஓர் எண்ணை எடுப்பார்கள். அந்த எண்ணைப் போட்டு ஆடிய அத்தனை பேரையும், செத்தவர் இருப்பவர் எல்லாரையும், கிளப்பில் அந்த எண் எழுதிய அலமாரி முன்னால் நின்று நினைத்துப் பேச வேண்டும். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லலாம். கேள்விப்பட்டதைச் சொன்னால் அன்றைய பீர் முழுக்க அவன் செலவு.

அந்த ஐம்பத்திரண்டாம் வருடம் ஒன்பது வந்தது. மேவிஸுக்கு எண்பத்துமூன்று வயது. லெக்ஸ் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவர் மகள் ராஸ்லின், 1967 கோலைப் பொறித்த பித்தளைத் தகட்டோடு வந்திருந்தாள். அலமாரிக் கதவில் அடிக்க வேண்டும்.

சாஸ் ஊற்றிய, இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேசினார்கள். முறிந்த விரலைச் சாசேஜ் கட்டும் நூலால் கட்டிக்கொண்டு ஆடிய கசாப்புக்காரர் ஒரு ஒன்பது. பொய்ப்பல்லைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு ஓடி, அதை மைதானத்தில் தொலைத்துவிட்டு ஒரு வாரம் கஞ்சி குடித்தவர் ஒரு ஒன்பது. தான் இடித்துத் தள்ளிய ஒவ்வொருத்தனிடமும் மன்னிப்புக் கேட்ட வாத்தியார் ஒரு ஒன்பது. அவரைப் பற்றிச் சொன்னவர், "மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி இடிப்பார்" என்று முடித்தார்.

பிறகு கிளப் தலைவர் ட்ரெவர் மேவிஸைப் பார்த்தார். "அறுபத்தேழை ஓரத்தில நின்னு பார்த்தவங்க இங்க நீங்க ஒருத்தர்தான் பாக்கி. ஒன்பது அடிச்சதைப் பார்த்தேன்னு உங்க வாயால சொல்லிடுங்க, தகட்டை அடிச்சிடலாம்."

இதுவரை அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள். மேவிஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாக இருந்தது. இப்போது சொன்னால் அது அவளுடைய பொய். சொல்லாவிட்டால், ஊர் அவளைப் பற்றிப் பேசும் முதல் கதையே போய்விடும். எதிரே நீனோ, படத்துக்கு முதுகைக் காட்டியபடி மீட் பையைத் தின்றுகொண்டிருந்தார்.

மேவிஸ் கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"ஸ்க்ரூவைக் கீழ வைப்பா ட்ரெவர். அந்தப் படத்தை இறக்கு."

இறக்கினார்கள். மேஜையில் வைத்து விரலால் காட்டினாள். "இந்த நம்பரைச் சுத்தி கறுப்புக் கறுப்பா என்ன தெரியுது?"

"சேறு" என்றார் ட்ரெவர்.

"சேறு இல்ல. பந்து தைக்கிற நூல். லெக்ஸோட நம்பர் மிஷின்ல தெச்சது. அன்னிக்கு நான் கையால தெச்சது ஒரே ஒரு முதுகு. நீனோவைக் குப்புறப் போட்டுத் தலைமாட்டில நின்னு தெச்சேன். ஆறு ஒன்பதாயிடுச்சு. திங்கக்கிழமை துவைக்கிறப்பவே எனக்குத் தெரியும். என் பொழப்புக்காக வாயை மூடிக்கிட்டேன்."

நீனோ தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என் பொண்டாட்டிகூட நம்பல மேவிஸ்" என்றார். "கடைசி வரைக்கும், 'சரி, நீதான் அடிச்சே'ன்னு குழந்தைக்குச் சொல்ற மாதிரிச் சொல்லிட்டுப் போனா."

மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. "அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்ப்பா" என்றாள்.

ராஸ்லின்தான் முதலில் அசைந்தாள். கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். "அந்தக் கோல் எனக்கு ஞாபகமே இல்லன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். அடக்கத்துல சொல்றார்னு நெனச்சேன்."

"ஞாபகம் எப்படி இருக்கும்மா?" என்றார் நீனோ. "டல்லாராவோட ரெண்டு மலைமாட்டுத் தடியனுங்க என் மேல பாய்ஞ்சானுங்க. உங்கப்பா நடுவுல விழுந்து ரெண்டு பேரையும் தாங்கினார். மண்டையில அடி பட்டது அதுலதான். அவர் விழாம இருந்திருந்தா பந்து என் கைக்கே வந்திருக்காது. இது நான் கண்ணால பார்த்தது. ஒன்பதைப் பத்தி நான் சொல்ல வேண்டியது இதுதான்."

ராஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தகட்டை ஆறாம் எண் அலமாரிக்கு எடுத்துப் போனாள். அதில் பெயர் இல்லை, வருடமும் கோலும்தான் இருந்தன. அதனால் அப்படியே பொருந்தியது. அவள் பிடித்துக்கொள்ள, நீனோவே ஸ்க்ரூவை முடுக்கினார். ஒன்பதாம் கதவில் லெக்ஸ் தாங்கிய கதையை எழுதுவதென்று அங்கேயே கை தூக்கி முடிவானது.

படத்தை மறுபடி ஆணியில் மாட்டியபோது நீனோ கீழே நின்று அதை வெகு நேரம் பார்த்தார். "மேவிஸ்" என்றார், "அந்தக் கடைசி நிமிஷத்துல டல்லாராக்காரன் ஒருத்தன் இந்த நம்பரைப் பிடிச்சுத்தான் தொங்கினான். தெரியுமா?"

மேவிஸ் நிமிர்ந்தாள். "பிரிஞ்சுதா?"

"பிரியல."

"அதான் கேட்டேன்" என்றாள்.

ஆட்டம் தொடங்கச் சங்கு ஊதியது. எல்லாரும் வெளியே கிளம்பினார்கள். நீனோ போகும்போது தன் நாற்காலியைத் தூக்கி, படத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.