சித்தியின் மூன்றாவது முறைத்தண்ணீர்

ஜெனோவேவா சித்தி ஜீப்பைத் திருப்பும்போது பின்னால் நிற்கிற வெளிநாட்டுக்காரர்கள் அவரவர் சாமியைக் கூப்பிடுவார்கள். முன்சீட்டில் இருக்கும் நான் கூப்பிடுவதில்லை. வெனிசுவேலாவில் வாலிப வயதெல்லாம் ரொட்டி வண்டி ஓட்டியவள் அவள். துப்பாக்கிக்காரன் வழிமறித்தால் அவனுக்கும் ஒரு ரொட்டியைக் கொடுத்துவிட்டு, மீதி ஆறுவதற்குள் கடை சேர்த்தவள். அவளுக்கு எங்கள் மதெய்ரா தீவின் மலைப்பாதை பயமாம்? போங்கடா.

சித்தப்பா அங்கேயே இறந்துபோனார். சித்தி ஒரு பெட்டியோடு தீவுக்குத் திரும்பினாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பரம் விட்டுப் பிரிந்த சமயம் அது. என் அப்பா அம்மா இங்கிலாந்துப் பக்கம் ஜெர்சித் தீவில் ஓட்டல் வேலையில் இருந்தார்கள். "அந்தப் பயலை உன்கிட்ட வச்சுக்க" என்று என்னையும் அவள் தலையில் கட்டினார்கள். வீட்டில் தனியாக விட்டால் ஊர் தாங்காது என்று ஜீப்பில் இடம் காலியாக இருக்கும் நாளெல்லாம் கூடவே ஏற்றிக்கொள்வாள்.

பகலில் ஒரு முதலாளியின் சுற்றுலா ஜீப். மற்ற நேரமெல்லாம் நிலம். தாத்தா பங்கில் அவளுக்கு வந்தது மலைச்சரிவில் ஐந்து அடுக்குப் பாத்தி. முள்ளும் கல்லுமாகக் கிடந்ததை ஒரு மழைக்காலம் முழுக்கக் கொத்திச் சேப்பங்கிழங்கு நட்டாள். அடுத்த நிலம் போலிகார்ப்பு மாமாவுடையது, வாழைத்தோப்பு. அவர் வரப்பில் மண்வெட்டியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏ வெனிசுவேலாக்காரி, கிழங்குக்கு ஸ்டியரிங் கிடையாது, தெரியும்ல?"

"தெரியும் அண்ணே. உங்க வாய்க்கு பிரேக் கிடையாதுன்னும் தெரியும்."

சேப்பங்கிழங்குக்குத் தண்ணீர் வேண்டும். கோடையில் எங்களுக்குத் தண்ணீர் வருவது மலையுச்சியிலிருந்து இறங்கும் வாய்க்காலில். ஆளுக்கு ஒரு மணி நேரம், முறை வைத்து. முறை வரும்போது நிலக்காரர் தன் மடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த நிலத்துக்கு. தொடர்ந்து மூன்று தடவை நிற்காவிட்டால் அந்த முறையே அடுத்தவருக்குப் போய்விடும், போனது போனதுதான். பதினெட்டு ஆகாதவன் நின்றால் செல்லாது என்றும் ஒரு விதி. எனக்குப் பதினாறு. எனக்காகவே யோசித்து வைத்த மாதிரி இருக்கும்.

சித்தி இரண்டு தடவை தவறவிட்டிருந்தாள். ஒரு தடவை மூடுபனியில் ஜீப் மாட்டிக்கொண்டது. இன்னொரு தடவை ஒரு ஸ்வீடன்காரர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். இலைகள் ஓரத்தில் மஞ்சள் கட்டிவிட்டன. மூன்றாவது முறை ஆகஸ்டு திருவிழா அன்று சாயங்காலம். ஜீப் மதியத்துக்கு மேல் திரும்பிவிடும், நேரம் தாராளம் என்று சித்தி முதல்நாளே மண்வெட்டியைத் துடைத்து வைத்தாள்.

அன்றைக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஹோல்கர், பிர்கிட்டே என்று டென்மார்க்கைச் சேர்ந்த வயதான தம்பதி. போலந்திலிருந்து ஒரு அக்கா தங்கை, இருவரும் நர்சுகள். அக்கா பெயர் டனுத்தா. ஐந்தாவது யாஸ்பர் என்ற ஹாலந்துக்காரர், கழுத்தில் குழந்தையைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு கேமரா. ஜீப்பின் மேல்கூரையைத் திறந்துவிட்டதும் ஐந்து தலைகளும் வெளியே நீட்டிக்கொண்டன. மேட்டுச் சமவெளிக்குப் போனபோது மேகம் இறங்கிவிட்டது. பாதையில் மாடுகள் படுத்திருந்தன. எல்லாரும் மாட்டைப் படமெடுத்தார்கள். நான் ஒரு மாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு டேனிஷ் பாட்டியைப் பார்த்து "ஹலோ" என்று அடித்தொண்டையில் சொன்னேன். அந்தம்மா அசராமல் மாட்டுக்குப் பதில் ஹலோ சொன்னார்.

அப்போது சித்தியின் கைபேசி அடித்தது. நீர்பாய்ச்சி ஜனுவாரியோ. ஊர் வாய்க்காலுக்கு அவர்தான் பொறுப்பு.

"ஜெனோவேவா, மேல இருக்கிற ரெண்டு பேரும் முறை வேணாம்னுட்டாங்க. திருவிழாவுக்குக் கிளம்பியாச்சு. தண்ணி இறங்கிட்டிருக்கு. மதியத்துக்கெல்லாம் உன் மடையில இருக்கும்."

"எனக்கு சாயங்காலம்தானே மாமா?"

"தண்ணிக்குக் கடியாரம் பாக்கத் தெரியாதும்மா. போலிகார்ப்புக்கும் சொல்லிட்டேன். சொல்லணும்ல."

சித்தி கைபேசியை மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் மாடுகளையே பார்த்தாள். அவள் அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, அதனால் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். அவள் அழவில்லை. எழுந்து சீட்டில் முழங்காலை ஊன்றிப் பின்னால் திரும்பினாள்.

"எல்லாரும் கேளுங்க. இங்கேர்ந்து ரெண்டு வழி. ஒண்ணு சிகரம், நீங்க காசு குடுத்தது அதுக்குத்தான். இன்னொண்ணு என் நிலம். அங்க தண்ணி வருது. நான் போகலைன்னா இன்னைக்கோட அந்தத் தண்ணி எனக்கு இல்ல, எப்பவுமே இல்ல. சிகரம்தான் வேணும்னா கூட்டிட்டுப் போறேன், அது என் வேலை. ஆனா கேக்காம இருக்க முடியல."

"விளம்பரத்துல சிகரம்னுதானே போட்டிருந்துச்சு," என்றார் யாஸ்பர்.

"வாஸ்தவம் ஐயா. சிகரம் இப்ப மேகத்துக்குள்ள இருக்கு. அங்க போனா வெள்ளையாத் தெரியும். இங்கயும் அதேதான் தெரியுது, பாருங்க."

"உங்க நிலத்துக்கு ரோடு நல்லா இருக்குமா?" என்று டனுத்தா கேட்டாள்.

"ரொம்ப மோசம்."

அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிர்கிட்டே பாட்டி கூரைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் ஏன் இன்னும் நின்னுட்டிருக்கோம்?" என்றார். ஹோல்கர் தாத்தா கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொல்லுக்கு ஓட்டுப் போடுகிறவர் போல, தலையை ஆட்டினார். யாஸ்பர் கேமராவை மூடிப் பையில் போட்டார்.

சித்தி தார்ச்சாலையை விட்டுக் காட்டுத்தீ அணைக்கும் வண்டிகள் போகும் செங்குத்துப் பாதையில் ஜீப்பை இறக்கினாள். என்னால் ஆன உதவியாக, குரலை மாற்றிப் போலிகார்ப்பு மாமாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணே, மதுக்கடையிலேர்ந்து பேசறேன். உங்க பன்னி கடைக்குள்ள பூந்து பீப்பாயை உருட்டுது, ஓடியாங்க!"

"டேய் நேலியோ, பன்னியை கிறிஸ்துமஸுக்கே தின்னு முடிச்சாச்சு. நீயே ரெண்டு தட்டு தின்ன. உன் சித்திகிட்ட சொல்லு, மடையாண்ட நின்னுட்டிருக்கேன், நல்ல வெயிலு."

"என்னடா சொன்னான்?" என்றாள் சித்தி.

"வெயில் நல்லா இருக்காம்."

பாதை கிழிந்து கிடந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் காற்று. யூகலிப்டஸ் கிளைகள் வெளியே நீட்டிய தலைகளை வரிசையாக அறைந்தன. சித்தி "குனி!" என்பாள், ஐந்து தலையும் உள்ளே போகும், "சரி!" என்பாள், வெளியே வரும். நாலாவது வளைவில் ஜீப் நின்றது. ஒரு யூகலிப்டஸ் மரம் பாதைக்குக் குறுக்கே படுத்திருந்தது.

"திரும்பிடலாமா?" என்று யாஸ்பர் கேட்டார். இளக்காரமில்லை, நிஜமாகவே கேட்டார்.

"திரும்ப இடமில்ல," என்றாள் சித்தி. இடம் இருந்தது.

இழுவைக் கயிற்றை மரத்தின் நுனியில் கட்டினோம். சித்தி ஜீப்பைப் பின்னால் ஏற்றினாள். சக்கரம் சுழன்று செம்மண்ணை எங்கள் மேல் வாரி இறைத்தது. ஹோல்கர் தாத்தா கற்களைப் பொறுக்கிச் சக்கரத்துக்கடியில் திணித்தார். நர்சுகள் இருவரும் மரத்தை முதுகால் தள்ளினார்கள். மரம் முனகியது, நகர்ந்தது, திடீரென்று சரிவுப் பக்கம் புரண்டு கீழே போகத் தொடங்கியது, கயிறு வழியே ஜீப்பையும் கூப்பிட்டபடி. சித்தி சீட்டுக்கடியில் கிடந்த அரிவாளோடு குதித்து இறங்கி, கயிற்றில் ஒரே வெட்டு.

"முதலாளி கயிறைக் கேப்பாரே சித்தி."

"மரத்துக்கிட்ட இருக்குன்னு சொல்லு. ஏறு."

அப்போது கீழேயிருந்து சங்கு கேட்டது. ஊரில் எல்லார் கையிலும் கைபேசி வந்த பிறகும் ஜனுவாரியோ சங்கு ஊதுவதை விடவில்லை. ஃபோன் அடித்தது கேட்கவில்லை என்று பொய் சொல்லலாம், சங்கு கேட்கவில்லை என்று எவனும் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. சங்கு ஊதினால் தண்ணீர் நம் நிலத்தை நெருங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு மடையில் நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார், முறை முடியும்போது மறுபடி ஊதுவார்.

சித்தி கீழ்கியரில் போட்டாள். மிச்ச தூரத்தை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பாதை எங்கள் மேல் பாத்தியோரம் முடிகிறது. பாத்தியின் விளிம்பை ஒட்டியே சிமெண்டு வாய்க்கால் ஓடுகிறது. அது கீழே வளைந்து போய் மடையைத் தொடும். மடைக்குப் போகச் செங்குத்தான கல்படிகள்தான் உண்டு. கீழே மடையருகில் இரண்டு தொப்பிகள் தெரிந்தன. ஒன்று ஜனுவாரியோ, இன்னொன்று போலிகார்ப்பு.

"ஜெனோவேவா!" என்று முதல் கூப்பாடு எழுந்தது.

சித்தி கதவைத் திறந்து இறங்கினாள். காய்ந்த வாய்க்காலில், சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பத்தடி மேலே தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"ஜெனோவேவா!"

படியைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். படியில் ஓடினால் தண்ணீர்தான் ஜெயிக்கும். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, வாய்க்காலில் இறங்கி, அதில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் வாய்க்கால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம். சித்தியும் அப்படித்தான். தண்ணீர் வந்து அவள் முதுகில் மோதியது, யோசித்தது, உயர்ந்தது, இடுப்புக்கு இரண்டு பக்கமும் வழிதேடித் தோற்று, கரை தாண்டி மேல் பாத்திக்குள் சரிந்தது.

"ஜெனோவேவா!" என்று மூன்றாவது கூப்பாடு வந்தது.

"இங்க இருக்கேன்!"

இரண்டு தொப்பிகளும் படியேறி வந்தன. போலிகார்ப்பு மாமா முதலில் வந்து பார்த்து வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இது செல்லாது! மடையிலதான் நிக்கணும்! ஜனுவாரியோ, நீ சொல்லு. இவ நிக்கவும் இல்ல, மடையிலயும் இல்ல!"

ஜனுவாரியோ தாடையைச் சொறிந்தார். "தண்ணி மடைக்கு வந்து, அங்க ஆள் இல்லைன்னா அவ முறை போச்சு. தண்ணி இன்னும் மடைக்கே வரலியேடா. வராத தண்ணிக்கு ஆள் இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அட, வரவிடாம இவதானே குந்திருக்கா!"

"அதான் பாக்கறேன்." சித்தியிடம் குனிந்தார். "ஒண்ணு சொல்லிடறேம்மா. இங்க பலகை, கல்லு எதுவும் வைக்கக் கூடாது, அதுக்கெல்லாம் மடைதான். நீ எழுந்தா தண்ணி கீழ போயிடும், போலிகார்ப்பு திருப்பிக்குவான். உன் மணி முடியற வரைக்கும் உக்காரணும். மலைத்தண்ணி."

"உக்காந்துதான் ஜீப் ஓட்டறேன்," என்றாள் சித்தி. பல் அதற்குள் தந்தியடிக்கத் தொடங்கியிருந்தது.

மேல் பாத்தி குடித்தது. ஆனால் தண்ணீர் அடுத்த அடுக்குக்கு இறங்காமல் ஒரு மூலையில் குளம் கட்டியது. சித்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே மேய்த்தாள்.

"நேலியோ, இடது வரப்பை வெட்டு. இடதுடா! சோத்துக்கை எதுன்னு தெரியுமில்ல, அதுக்கு எதிர்ல! ஐயா ஹோல்கர், ஜீப்புல மண்வெட்டி இருக்கு. அம்மா, அந்த இலையை மிதிக்காதீங்க, அது குழந்தை."

நாலு தேசத்துக்காரர்களுக்கும் ஒரே சேறுதான். எல்லாரும் அதில் இறங்கினோம். டேனிஷ் பாட்டி கையாலேயே ஓடை கிழித்தார். சித்தியின் வலது பக்கம் ஒரு கசிவு விழுந்து தண்ணீர் கீழே ஓட ஆரம்பித்ததைப் போலிகார்ப்பு மாமாதான் முதலில் பார்த்துச் சந்தோஷப்பட்டார். யாஸ்பரும் பார்த்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றி ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"துணி வைக்கலாமா?" என்று ஜனுவாரியோவிடம் கேட்டார்.

"உடுத்திக்கறதுக்கு நான் எப்படித் தடை சொல்வேன்?"

யாஸ்பர் கோட்டைச் சித்தியின் இடுப்பில் சுற்றிக் கட்டினார். கசிவு நின்றது. "கடல் இடது பக்கம் தெரியுதுங்க ஐயா," என்றாள் சித்தி. "படம் எடுத்துக்கங்க. டூர்லதான் சேத்தி." அவர் எடுக்கவில்லை. வரப்பு வெட்டப் போனார்.

இரண்டாவது அடுக்கு நனைந்தது. மூன்றாவதும். டனுத்தா வாய்க்காலருகே மண்டியிட்டுச் சித்தியின் கால்விரலை அழுத்திப் பார்த்தாள்.

"நீலமா இருக்கு. தெரியுதா, நான் கிள்றது?"

"இல்ல."

"எழுந்திருங்க. நான் நர்சு, சொல்றேன்."

"நாலாவது பாத்தி எப்படி இருக்கு?"

"கால் முக்கியமா, கிழங்கு முக்கியமா?"

"ரெண்டும் என்னோடதும்மா. கால் காஞ்சு போகாது."

டனுத்தா போலந்து மொழியில் ஏதோ திட்டினாள். திட்டிக்கொண்டே வாய்க்காலுக்குள் கைவிட்டு அந்தக் கால்களைத் தேய்க்கத் தொடங்கினாள். நான் போய்ச் சித்தி முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து கொஞ்சம் சூடு கொடுக்கலாம் என்று நினைத்தேன். மேல்பக்கத்தில் இறங்கியதும் தண்ணீர் என் நெஞ்சில் அறைந்தது. "ஏன்டா இங்க?" என்றாள். "களைச்சுப் போச்சு," என்றேன். அவள் முதுகைக் கொஞ்சம் என் மேல் சாய்த்துக்கொண்டாள். அவள் நடுங்குவது என் பற்களில் கேட்டது.

நாலாவது பாத்தியும் நிறைந்துவிட்டது. ஐந்தாவதில் பாதி வரை ஈரம் ஏறியபோது போலிகார்ப்பு மாமா கைக்கடிகாரத்தைச் சித்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "முடிஞ்சுது! முடிஞ்சுது!"

"சங்கு ஊதல," என்றாள் சித்தி.

ஜனுவாரியோ சங்கைத் துடைத்தார். உள்ளே ஊதிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். அந்த மனிதர் அவ்வளவு சுத்தக்காரர் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஹோல்கர் தாத்தா கீழேயிருந்து இரண்டு கையையும் தூக்கினார். கடைசி வரிசை வரை தண்ணீர் போய்விட்டது. அப்புறம்தான் சங்கு ஒலித்தது.

நான் எழுந்து வெளியே வந்தேன். சித்தி எழவில்லை.

"எழுந்திரு! இனி என் முறை!" என்றார் போலிகார்ப்பு மாமா.

"எழுந்துக்கத்தான் பாக்கறேன் அண்ணே. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கால் எங்க இருக்குன்னே தெரியல."

"என் தண்ணி போகுதுடி!"

"உங்க தண்ணிதான். அவசரமும் உங்களுக்குத்தான்."

மாமா மண்வெட்டியை எறிந்துவிட்டு வாய்க்காலின் இரண்டு கரையிலும் காலை ஊன்றி, சித்தியைக் கக்கத்தில் பிடித்து இழுத்தார். முகம் வெந்த இறால் மாதிரி ஆனது. யாஸ்பரும் நானும் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தோம். தக்கை பிடுங்கின சத்தத்தோடு சித்தி வெளியே வந்தாள். மொத்தமாகச் சேற்றில் விழுந்தோம். தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கீழே ஓடியது, மாமா எழுந்து அதன் பின்னால் படியில் ஓடினார்.

டனுத்தா சித்தியின் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சித்தி கழுத்தை நீட்டி ஐந்து பாத்திகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"முறை என்னோடதுதானே மாமா?" என்றாள்.

"உன்னோடதுதான்," என்றார் ஜனுவாரியோ. "அடுத்த தடவை மடையாண்ட வந்து உக்காரு. அங்க இன்னும் கொஞ்சம் அகலம்."