மேற்கே கட்டிய மேகம்

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையை விட்டு விலகி உள்ளே போகும் ஊர்களுள் ஒன்றில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். தொண்ணூறுகளின் முற்பகுதி அது. அங்கே ‘காடு’ என்றால் மரம் அடர்ந்த இடம் அன்று. கிணறு இல்லாமல் வானத்தை மட்டுமே நம்பிக் கிடக்கும் நிலம். சித்திரை பிறந்தால் அந்நிலம் சுட்ட ஓட்டின் நிறத்துக்கு வந்துவிடும். கிளுவை வேலிகள் இலை உதிர்த்து வெறும் முள்ளாக நிற்கும். மேற்கே வெகு தொலைவில் மலைத்தொடர் மங்கிய கோடாகத் தெரியும். அதன் நடுவே, பல் விழுந்த இடம்போல, பாலக்காட்டுக் கணவாய். எங்களுக்கு வரவேண்டிய மழை அந்த இடைவெளிக்கு அப்பாலேயே பெய்து தீர்ந்துவிடும். இப்பால் வருவது காற்று மட்டும்.

போத்தனூரில் வளர்ந்த எனக்கு இது புதிதன்று. நடைமேடை காய்ந்து கிடக்கையில், மேற்கிலிருந்து வரும் தொடர்வண்டிகள் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்பதைச் சிறுவயதில் வியந்து பார்த்திருக்கிறேன்.

கோடை விடுமுறையில் மற்ற ஆசிரியர்கள் தத்தம் ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கும் போத்தனூரில் அண்ணன் வீடு இருந்தது. பெற்றோர் இருவரும் மறைந்தபின், நான் பாய் விரிக்கும் இடத்தில் ஒரு தையல் இயந்திரம் வந்திருந்தது. அண்ணி அதை நகர்த்தி எனக்கு இடம் தருவார். ஒருநாளும் முகம் சுளித்தவர் அல்லர். ஆயினும் நம் வருகைக்காக ஒரு பொருள் இரவுதோறும் நகர்த்தப்படுவதையும், விடிந்ததும் மீண்டும் பழைய இடத்துக்கு வருவதையும் பார்த்துக்கொண்டிருத்தல் எளிதன்று. அவ்வாண்டு விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் ஊரிலேயே தங்கிவிட்டேன்.

என் அறையை ஒட்டிய வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தனர். அவனுடைய தந்தை வாழ்நாளெல்லாம் பிறர் தோட்டத்தில் உழைத்து வாங்கிய இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு அவர்களுக்கு இருந்தது. ஓர் இணை மாடும் இருந்தது. பிள்ளை இல்லை. அவள் என்னிலும் சற்று இளையவள். அவளுக்குப் பிள்ளை இல்லாததாலும் எனக்கு மணமே ஆகாததாலும் எங்கள் இருவர் மாலைப்பொழுதுகளும் ஓய்வாகவே இருந்தன. ஊரின் மேற்கு எல்லையில் இருந்த தாழ்ந்த பாறையில் போய் அமர்வோம். பகலின் சூட்டைப் பாறை எளிதில் விடாது. ஆனால் காற்று முதலில் வந்து தொடும் இடம் அது.

“ஏனுங்க டீச்சர், உங்களையும் எல்லாருங் கேப்பாங்களா, எப்பக் கல்யாணம்னு?”

“பாலூத்தறவரு கூடக் கேட்டாரு, அம்மணி.”

“என்ன சொன்னீங்க?”

“பால்ல தண்ணி சேத்தியா இருக்குதுன்னு சொன்னேன்.”

அவள் பாறை அதிரச் சிரித்தாள். “என்னையப் பாத்தா, விசேசம் ஏதாச்சும் உண்டாங்கறாங்க. நாளைக்கு நானும் இதையே சொல்லிப்போடறேன்.”

மேகத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். மேகம் கட்டும் வேளையில் அதைக் கைநீட்டிக் காட்டக் கூடாது. மழை என்ற சொல்லை வாயில் எடுக்கவும் கூடாது. எடுத்தால் அது கலைந்து வேற்றூர் போய்விடும். அவ்வூரில் சிறு குழந்தைகளும் இதைக் காத்தனர். “மேக்கே கருப்பா இருக்குது” என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். நானும் காத்தேன்.

வானம் வெறுமையாக இருந்த ஒரு காலையில், குடிநீர்க் குழாயடியில், அவள் சொன்னாள்:

“எங்கூட்டுக்காரரு முடிவு பண்ணிப்போட்டாருங்க டீச்சர். வைகாசி முடியறதுக்குள்ள ஒரு உழவு மழை பேஞ்சாக் காட்டை உழுவாராமா. இல்லீன்னா மாட்டை வெலைக்குக் குடுத்துப்போட்டுத் திருப்பூருக்குப் போயரலாங்கறாரு. பனியன் கம்பெனில ரெண்டு பேருக்குமே வேலை இருக்குதாமா. எங்க சின்னம்மா புள்ளை அங்கதான் இருக்கறா. சனிக்கிழமையானாச் சம்பளமுங்க, வானத்தெ அண்ணாந்து பாக்க வேண்டிதில்லைங்கறா.”

உழவு மழை என்றால், ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனையும் மழை. அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். தன்னைத் தேற்றிக்கொள்ள அப்படிச் சொல்கிறாள் என்றே நான் கொண்டேன்.

அன்றுமுதல் மேகத்தை நான் பார்த்த பார்வை வேறாயிற்று. எனக்குக் காடு இல்லை, ஏர் இல்லை. ஆயினும் அவ்வூரில் எவரினும் மிகுதியாக மழையை வேண்டியவள் நானாகத்தான் இருப்பேன். ஞாயிறுதோறும் பல்லடத்து மாதா கோவிலில் முழந்தாளிட்டு நான் மன்றாடியதெல்லாம் அது ஒன்றே. மழை பெய்தால் அவள் இருப்பாள். பெய்யாவிட்டால் அடுத்த வீட்டில் பூட்டுத் தொங்கும். ஓய்வான மாலைகள் எனக்கு மட்டும் மிஞ்சும்.

மேகமோ நாள்தவறாமல் கட்டியது. நண்பகல் கடந்ததும் மலைக்கு மேலே வெண்தலைகள் ஒவ்வொன்றாய் எழும். வெயில் சாயும் நேரத்தில் அவற்றின் அடி கறுத்துவிடும். உச்சியோ தட்டையாகி, கொல்லன் பட்டடைக்கல்லின் மூக்குபோல ஒருபுறம் நீளும். ஓசையற்ற மின்னல் உள்ளே ஓடும். வெகுநேரம் கழித்தே, யாரோ தொலைவில் பெட்டியை இழுப்பதுபோல, உறுமல் வந்து சேரும். பிறகு செம்புழுதி எழும்பி வரும். நாங்கள் கண்ணை மூடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வோம். திறந்து பார்க்கும்போது மேகம் தெற்கே உடுமலைப் பக்கம் ஒதுங்கியிருக்கும். வேறெங்கோ நனைந்த மண்ணின் மணம் மட்டும் எங்களைத் தேடி வரும். அந்த மணம் தந்த வருத்தத்தை இன்றும் என்னால் சரிவர எழுத இயலவில்லை.

ஒருநாள் மேகம் ஒதுங்கவில்லை, நேரே வந்தது. கதிரவன் மறைந்தான். பாறைக்கு அடியில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. அப்போது அவள் எழுந்து, கையை முழுவதும் நீட்டி, உரக்கக் கூவினாள்:

“மழை வருதுங்க டீச்சர்! அதா பாருங்க, மழை!”

நான் திடுக்கிட்டு அவள் கையைப் பற்றிக் கீழே இழுத்தேன். “என்ன அம்மணி, வாயை வெச்சுட்டயே!”

“தெரியாம வந்துருச்சுங்க.” கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். கண்களை மட்டும் மேகத்திலிருந்து எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி தெற்கே போயிற்று. மறுபாதி அவிநாசிப் பக்கம் சென்று தேய்ந்தது. ஆசை மிகும்போது நா தவறுவது இயல்பு என்று எண்ணி, வழியெல்லாம் அவளைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

வைகாசி முடியும் தறுவாயில் அது வந்தது. அன்று பாறைக்குப் போகவும் பொழுதில்லை. பிற்பகலிலேயே மேற்கு முழுவதும் மையாகி, கணவாய், மலை, பனைகள் என்று ஒவ்வொன்றாய் மறைந்தன. காற்று நின்றது. அவ்வளவு அமைதியை அவ்வூரில் நான் அறிந்ததில்லை. பிறகு காட்டுக்கு அப்பாலிருந்து ஒரு வெள்ளைச் சுவர் நடந்து வந்தது. முதல் துளிகள் புழுதியில் காசு அளவுக்குக் குழி பறித்தன. அடுத்த நொடியில் எதிர்வீடும் தெரியவில்லை.

அவள் கணவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலில் நின்று கத்தினான். “ஏ புள்ள! அண்டாவை எடுத்தா! வாளிய எடுத்தா! என்ன செலையாட்ட நிக்கறே?”

அண்டாவைத் தானே எடுத்து வந்து வைத்தான். பிறகு மாடுகளை அவிழ்த்து மழையில் நிறுத்தி, அவற்றோடு ஏதோ பேசிக்கொண்டே முதுகைத் தேய்த்தான். நான் நனைந்துகொண்டே அவர்கள் தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

“பேஞ்சிருச்சு அம்மணி!”

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நாளான்னைக்கு மாடு புடிக்க ஆளு வாரேன்னு சொல்லியிருந்தாங்க டீச்சர்.”

“இனி அவங்க எதுக்கு வரோணும்?”

“அதாங்க.” ஓட்டிலிருந்து விழும் தாரையைப் பார்த்தபடியே சொன்னாள். “துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுப்போட்டேன். அவருக்குத் தெரியாது.”

எனக்கு விளங்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். “அன்னைக்குப் பாறைல நாந் தெரியாமச் சொல்லலைங்க டீச்சர். கலைஞ்சு போகட்டும்னுதாஞ் சொன்னேன்.”

அதன்பின் அவள் அழுதாள். அவன் வாசலில் சிரித்துக்கொண்டிருந்தான். நான் இருவருக்கும் நடுவில் ஈரச் சேலையோடு நின்றேன். ஒரே பாறையில், தோளோடு தோள் உரச அமர்ந்து, ஒரே மேகத்தை நான் வா என்றும் அவள் போ என்றும் வேண்டியிருக்கிறோம். வாய் திறக்கக் கூடாத வழக்கம் எங்கள் இருவரையும் அதுவரை காப்பாற்றி வந்திருந்தது. என் மன்றாட்டுக் கேட்கப்பட்டுவிட்டது.

மறுநாள் காட்டில் ஏர் இறங்கியது. அவள் வேலையிலேயே இருந்தாள், பாறைக்கு வரவில்லை. என்மேல் சினம் எதுவும் இல்லை. குழாயடியில் பார்த்தால் சிரிப்பாள். ஆனால் நாள் முழுவதும் மண்ணில் நின்றவளுக்கு மாலையில் மேலே பார்க்க விருப்பமில்லை. நான் மட்டும் போய் அமர்ந்தேன். அவள் ஊரை விட்டுப் போகவில்லை. நான் வேண்டியது அவ்வளவுதான். ஆயினும் அந்த மாலைகளைப்போல் நீண்ட மாலைகளை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

சோளம் முளைவிட்ட காலத்தில், பனியன் கம்பெனி வண்டி ஒன்று சாலைப் பிரிவுக்கே வந்து பெண்களை ஏற்றிச் செல்கிறது என்று குழாயடியில் பேச்சு எழுந்தது. காலையில் ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் கொண்டுவந்து விடுமாம். அவள் கேட்டுக்கொண்டே குடத்தை நிரப்பினாள்; நிரம்பி வழிந்ததையும் கவனிக்கவில்லை. அந்த வண்டியில் அவள் ஏறினால் என் மாலைகள் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டு நாள் தயங்கினேன். பிறகு அவள் இல்லாத நேரம் பார்த்து அவனிடம் போனேன். மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏனுங்ண்ணா, ஒண்ணு கேக்கோணும்.”

“கேளுங்க டீச்சர். பாடம் மட்டும் கேட்டுப்போடாதீங்க.”

“அம்மணியக் கம்பெனி வண்டில அனுப்பறதுதானுங்க? காலைல போய்ப் பொழுதோட வந்துரப் போறா. காடு எங்கீம் போயராது.”

அவன் கையை வேட்டியில் துடைத்தான். “அவ கேக்கச் சொன்னாளா?”

“இல்லீங்க.”

“சொல்ல மாட்டா. மூட்டையக் கட்டி அட்டாலி மேல வெச்சிருந்தா. நாம் பாத்துட்டுத்தான் இருந்தேன். மழை பேஞ்சன்னைக்கு ஆடுன ஆட்டத்துல, அவளை ஒரு வார்த்தை கேக்க வாய் வரலீங்க. அப்பறம் எப்பிடிக் கேக்கறது?” மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். “களை எடுக்க ஆளு வேணுமே?”

“நான் வாரேனுங்க.”

“நீங்களா? பயிரப் புடுங்கிப்போட்டுக் களைய உட்டுருவீங்க.” தானே சிரித்தான். “போகட்டும் போங்க. நான் பாத்துக்கறேன்.”

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் போகத் தொடங்கினாள். விடியுமுன் அவள் செருப்பொலி என் சன்னலைக் கடந்து போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவாள். சோளம் ஆள் உயரம் வளர்ந்து பாறையிலிருந்து பார்க்கும் காட்சியைப் பாதி மறைத்தது.

ஐப்பசியில் ஒரு மாலை, கிழக்கிலிருந்து மேகம் ஏறி வந்து, விளக்கேற்றும் நேரம்வரை அடித்துப் பெய்தது. மழை வெறித்தபின் வாசற்படியில் நின்றிருந்தேன். அவள் சாலையிலிருந்து நடந்து வந்தாள். தலைமயிரிலும் தோளிலும் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது. தேங்கிய நீரைக் கண்டு நின்றாள்.

“மழை பேஞ்சுதுங்களா டீச்சர்?”

“உனக்குத் தெரியலையா?”

“உள்ளார மிசினு சத்தத்துல ஒண்ணுங் கேக்காதுங்க. லைட்டும் எந்நேரமும் ஒரே மாதிரி எரியும். வெளியில வெயிலா மழையான்னே தெரியாது போங்க.” பெற்ற பேற்றைச் சொல்பவளைப்போலச் சொன்னாள். “நல்ல மழைங்களா?”

“நல்ல மழை, அம்மணி.”

“அவருக்கு ஆச்சு.” செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையை ஒரு சாண் தூக்கி, நீரில் இறங்கினாள். “வாரேனுங்க டீச்சர். தூக்கம் சொக்குது.”

அவள் வீட்டுக் கதவு திறந்து மூடிற்று. தெற்கே இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை நின்று பார்த்தேன்.