மூன்று மணி நேரப் பெரட்டல்

எங்கள் அம்மாவுக்கு உருளைக்கிழங்குப் பெரட்டல் செய்ய இருபது நிமிடம் போதும். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரித்து, கையாலேயே நான்காக உடைத்து, கடுகும் கறிவேப்பிலையும் போட்டு வதக்கிய வெங்காயத்தில் கொட்டுவார். பொட்டலத்து மிளகாய்த்தூளைத் தூவி நாலு புரட்டு புரட்டினால் முடிந்தது. மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் மீன்காரர் வராத நாளிலும் எனக்கும் அப்பாவுக்கும் சோற்றுக்கு அது ஒன்று இருந்தால் வேறெதுவும் வேண்டாம். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலையில், அதே பெரட்டலைச் செய்ய அம்மா மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். அது முடியும்வரை எங்கள் வீட்டை இடிக்க வந்த புல்டோசர் வெளியே காத்திருந்தது.

கோலா சாவா என்ற ஊர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போய்விட்டது. வரிசை வீடுகளில் பாதிப் பேர் கிளம்பிவிட, ஆறு குடும்பங்கள் மட்டும், இருக்க ஒரு வீடு கொடுத்தால்தான் போவோம் என்று உட்கார்ந்திருந்தன. வரிசையில் முதல் வீடு எங்களுடையது. அதன் பின்னால் அப்பா பலகையும் தகரமும் வைத்துத் தன் கையால் சமையலுக்கு ஒரு குசினி கட்டியிருந்தார். வீட்டின் கூரை மரமும் குசினியின் கூரை மரமும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. குசினியை இழுத்தால் வீடும் சேர்ந்து வரும். எங்கள் வீடு விழுந்தால் மற்ற ஐந்து குடும்பங்களும் மூட்டை கட்டிவிடும். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அன்று அப்பா விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். என்னிடம், “சிரம்பான் டவுன் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்” என்று மட்டும் சொன்னார். இடிக்கக் கூடாது என்று கோர்ட்டில் ஒரு உத்தரவு வாங்குவதற்காக லாயரைப் பார்க்கப் போகிறார் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. பள்ளி விடுமுறை என்பதால் நான் வாசலில் உட்கார்ந்து பூனைக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணி சுமாருக்கு மண் சாலையில் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் பூனை ஓடியது. பிறகு உள்ளே அலமாரியில் இருந்த தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள ஆரம்பித்தன. செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து மஞ்சளாக அது வெளியே வந்தது. முன்னால் இருந்த இரும்புத் தகடு எங்கள் வாசலைவிட அகலமாக இருந்தது. அவ்வளவு பெரிய ஒன்றை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயம் வரவில்லை. எங்கள் வீட்டைத் தேடி ஓர் அதிசயம் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முன்னால் வந்த காரிலிருந்து ஓர் இளைஞர் இறங்கினார். தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் சூப்பர்வைசர். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் ஒரு கோப்பு.

“அக்கா, நோட்டீஸ் எல்லாம் முன்னமே குடுத்தாச்சு. இந்தக் குசினி பெர்மிட் இல்லாம கட்டினது. இன்னைக்கு அத மட்டும் எடுத்துருவோம். சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சிருங்க லா.”

அம்மா அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்த இயந்திரத்தைப் பார்த்தார். அதற்கும் பின்னால், சாலையைப் பார்த்தார்.

“சரி தம்பி. ஆனா அடுப்பு எரியுதே. புள்ளைக்கு இன்னும் சாப்பாடு ஆகல. சமைச்சு முடிச்சிர்றேன்.”

அடுப்பு எரியவில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். காலையிலேயே சோறு வடித்து, ரசம் வைத்து மூடி, அடுப்பைத் துடைத்தும் வைத்தாயிற்று. என் அம்மா பொய் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாயைப் பிளந்துகொண்டு அவர் பின்னால் ஓடினேன். அம்மா குசினிக்குள் போய், சத்தமில்லாமல் அடுப்பைப் பற்றவைத்தார்.

புல்டோசர் ஓட்டுநர் கீழே இறங்கி வந்து அடுப்பையும் பக்கத்திலிருந்த கேஸ் சிலிண்டரையும் எட்டிப் பார்த்தார். நாற்பது வயதைத் தாண்டிய பெரிய உடம்புக்காரர். தலையில் துண்டு.

“கேஸ் தொம்பு நிக்குது, நெருப்பு எரியுது. நான் தொட மாட்டேன் லா. வெடிச்சா யாரு பதில் சொல்றது?” என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் இயந்திரத்தை அணைத்தார். சட்டென்று தோட்டம் முழுக்க அமைதியாயிற்று.

“எவ்ளோ நேரம்க்கா ஆகும்?” என்றார் சூப்பர்வைசர்.

“பெரட்டல்தான் தம்பி. தோ ஆயிரும்.”

அதன் பிறகு அம்மா செய்ததை நான் இன்று வரைக்கும் வேறெந்தச் சமையலறையிலும் பார்த்ததில்லை. கிழங்கை வேகவைக்கவில்லை. பச்சையாகவே எடுத்து, தோல் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாகச் சீவினார். பிறகு துண்டு போட ஆரம்பித்தார். துண்டு என்றால் கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒரே அளவு. பலகை இல்லை, உள்ளங்கையிலேயே வைத்து, கத்தி கைத்தோலைத் தொடாமல் நின்று நின்று திரும்பியது. தண்ணீரில் போட்டு மூன்று தடவை கழுவினார். வெள்ளைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். மிளகாய்த்தூள் டப்பா பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து, தீபாவளிக்கு மட்டும் இறக்கும் அம்மியை இறக்கச் சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் நானுமாக இழுத்துக் கொடுத்தோம். பெரியம்மா ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். அவரும் மெதுவாகத்தான் உரித்தார்.

அம்மியில் மிளகாய் அரைபட்டது. வெண்ணெய்போல ஆன பிறகும் அரைபட்டது. அம்மாவின் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. நடுநடுவே குழவியை நிறுத்தி, சாலைப் பக்கம் காது கொடுத்தார். இவ்வளவு கவனமாகச் சமைத்தால் நடுநடுவே ஓய்வு எடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கோயில் திருவிழாவில் தீ மிதிக்கிறவர்களைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்ணெய் காய்ந்தது. தீயை அம்மா மிகவும் தணித்து வைத்திருந்தார். நீல நிறத்தில் பொட்டு அளவுக்கு எரிந்தது. கிழங்கு மெல்ல மெல்லப் பொன்னிறமாகி, மிளகாய்ச் சாந்து ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டது. வாசனை குசினியை நிறைத்து வெளியே போயிற்று. வெளியே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். காரில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் கண்ணாடியை இறக்கினார். இவ்வளவு பெரிய இயந்திரத்தை நிறுத்தி வைத்திருப்பது இந்த வாசனைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். நாக்கில் பட்டதும் கரைந்தது. சந்தோஷம் தாங்காமல் கத்திவிட்டேன்.

“அம்மா! வெந்துருச்சு! எப்பவோ வெந்துருச்சு!”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அதில் கோபம் இல்லை. பெரியம்மாவின் கையிலிருந்து வெங்காயம் கீழே விழுந்தது.

சூப்பர்வைசர் காரிலிருந்து இறங்கி வந்தார். “வெந்துருச்சுல்ல? அடுப்ப அணைங்கக்கா. மணி பதினொன்னரை ஆச்சு. எங்க பாஸ் நாலு தடவ போன் அடிச்சிட்டாரு.”

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அடுப்பை அணைக்கவில்லை.

“இரு, நான் பாக்குறேன்” என்று ஒரு குரல் வந்தது. ஓட்டுநர். குனிந்து குசினிக்குள் வந்து, சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். ஊதினார். வாயில் போட்டுக் கண்ணை மூடி வெகுநேரம் மென்றார்.

“வேகல” என்றார். “நடுவுல பச்சையா இருக்கு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அம்மாவின் பெரட்டலைப் பார்த்து ஒரு மனிதர் இப்படிச் சொல்வதா? “இல்ல, பொய்யி!” என்று நான் வாயெடுப்பதற்குள் பெரியம்மா என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டார்.

“தங்கச்சி, நல்லா முறுகட்டும். அவசரமே இல்ல” என்றார் ஓட்டுநர். “எனக்கும் ஒரு பிடி சோறு போடுவீங்களா?”

“போடாம என்ன அண்ணே” என்றார் அம்மா.

இன்னும் அரை மணி நேரம் கழித்து இரண்டு தட்டுகளில் சோறு போட்டார். ஒன்று சூப்பர்வைசருக்கு. “வேணாம்க்கா” என்றவர், அம்மா தட்டை நீட்டிக்கொண்டே நின்றதால் வாங்கிக்கொண்டார். கார் மேல் சாய்ந்து சாப்பிட்டார். ஒரு வாய் சாப்பிட்டதும் கோப்பைக் காரின் மேல் வைத்துவிட்டார்.

ஓட்டுநர் குசினி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சட்டியும் அடுப்பும் அவருக்குப் பின்னால் இருந்தன. அவர் எழுந்தால்தான் யாரும் உள்ளே போக முடியும். ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சாப்பிட்டார். தட்டு காலியானதும், “இன்னும் கொஞ்சம்” என்றார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். மறுபடியும் தட்டை நீட்டினார். மூன்றாவது தட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. இடுப்பு வாரை ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டார். எனக்கென்று வைத்த பெரட்டல் குறைந்துகொண்டே போவதை பெரியம்மாவின் மடியிலிருந்து கணக்குப் பார்த்தேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பன்னிரண்டரைக்கு அப்பாவின் மோட்டார் சத்தம் கேட்டது. அம்மா வெளியே ஓடினார். என் அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. அப்பா தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே ஒரே ஒரு தாள். சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தார். தூரமாகப் போய் போன் பேசினார். திரும்பி வந்து, “சரி, இன்னைக்கு வேல இல்ல. கெளம்பலாம்” என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பெண்கள் கூட்டமாக அழுதார்கள், சிரித்தார்கள். அந்தத் தாள் எங்களை அங்கேயே காலம் முழுக்க வைத்திருக்கவில்லை. ஆனால் பேசித் தீர்க்க அவகாசம் கொடுத்தது. அடுத்த வருடம் ஆறு குடும்பங்களும் பாரோய்ப் பக்கம் சின்னதாக ஆளுக்கொரு வீட்டில் குடியேறின. சாவி கைக்கு வந்த பிறகுதான் அப்பா, தான் கட்டிய குசினியைத் தானே பலகை பலகையாகப் பிரித்தார்.

அன்று எல்லோரும் அப்பாவைச் சூழ்ந்திருந்தபோது ஓட்டுநர் பைப்படியில் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். அம்மா தட்டை வாங்கப் போனார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

“அண்ணே” என்றார் அம்மா.

அவர் தட்டைக் கொடுத்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “ரந்தாவ் கடையில மூணு ரொட்டி சானாய் சாப்ட்டுட்டுத்தான் தங்கச்சி வந்தேன்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஓட்டுநர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, அந்த மஞ்சள் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை.

அம்மா ஏன் அவ்வளவு மெதுவாகச் சமைத்தார் என்பது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே விளங்கிவிட்டது. அந்த ஓட்டுநர் செய்தது விளங்க இன்னும் வெகுகாலம் ஆனது. அந்த விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நான் வகுப்பில் எல்லோருக்கும் கதை சொன்னேன்: மூன்று ரொட்டி சாப்பிட்ட பிறகும் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்ட ஒரு பெருந்தீனிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார், அவருக்கு நாக்கில் ருசியே தெரியாது, வெந்த கிழங்கை வேகவில்லை என்றார் என்று. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.