வெள்ளை தெரிகிறதா என்ற கேள்வி

குறி தவறினால் எல்லோரும் கையைத்தான் குறை சொல்வார்கள். என் கை நன்றாகவே இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னை வதைத்தது துவக்கின் பின்பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் துளை. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கில், ஒடென்சே நகருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில் வியாழக்கிழமை பின்னேரங்களில் குறிபார்த்துச் சுடும் சங்கம் ஒன்று கூடும். பதினைந்து மீற்றர் தூரம், சின்னத் தோட்டா, பாயில் குப்புறப் படுத்துச் சுடவேண்டும். மொழி வகுப்புக்கு உதவிக்கு வரும் ஒருவர் "வந்து பாரேன்" என்றார். அடுத்த வியாழனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை காலையில் டேனிஷ் வகுப்பு, அதற்குப் பிறகு சும்மா இருப்பது. யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவன் நான். சும்மா இருப்பது எனக்குத் தெரியாத வேலை.

என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மன்னார்ப் பொடியன், என் வயதுதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீ. இஞ்ச வந்து துவக்குத் தூக்கப் போறியோ?"

"இது விளையாட்டடா."

"அங்கையும் கனபேர் அப்பிடித்தான் துவங்கினவங்கள்."

ஆனாலும் போனேன்.

முதலில் அந்தக் குறிபார்க்கும் ஏற்பாட்டைச் சொல்லவேண்டும். துவக்கின் பின்பக்கம் டியோப்டர் என்ற வட்டத் தட்டு, அதன் நடுவில் ஒரு துளை. முன்பக்கம், குழல் முடியும் இடத்தில், மெல்லிய உலோக வளையம். துளைக்குள்ளால் பார்த்தால் வளையம் தெரியும், வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் இருக்கவேண்டும், இரண்டுக்கும் நடுவே சுற்றிவர ஒரே அளவில் கொஞ்சம் வெள்ளை. அந்த வெள்ளைதான் எல்லாம். வெள்ளை ஒரு பக்கம் தடித்தால் குண்டும் அந்தப் பக்கம் போகும். வளையங்கள் பல அளவுகளில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன.

சங்கத்தை நடத்தியவர் ஒரு தபால்காரப் பெண். நாற்பது வயதிருக்கும், ஒடென்சே இருக்கும் ஃபூன் தீவிலேயே பிறந்தவர், பாதிச் சொல்லை விழுங்கிக் கதைப்பார். முதல் நாள் பெட்டியில் சின்ன வளையமாகப் பார்த்துப் பூட்டிவிட்டு, என் தலைமாட்டில் முழங்காலில் இருந்து கேட்டார்: "வெள்ளை தெரிகிறதா?"

தெரிந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அவர் எழுந்துபோய் அந்த வளையத்தைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதைப் பூட்டினார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். இன்னும் பெரியது வந்தது. விசயம் தெரிந்தவர் மாற்றுகிறார், இதிலும் நல்லது ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். மூன்றாவது வளையத்தில் வெள்ளை அளவுக்கு மிஞ்சிவிட்டது, கறுப்பு அதற்குள் எந்தப் பக்கம் நிற்கிறது என்றே பிடிபடவில்லை. ஆனால் ஒரு மனுசி இரண்டு தடவை முழங்காலில் இருந்து எழும்பியிருக்கிறார், இப்போது போய்ச் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்கும் தலையை ஆட்டினேன். "பழகப் பழக வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பெப்ரவரியில் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு போட்டி. நான்கு பேர் சுடவேண்டும், மூன்று பேர் ஏற்கனவே முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு நானும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும். ஜனவரியின் கடைசி வியாழன் ஆளுக்கு ஒரு அட்டை, பத்துக் குண்டு, புள்ளி கூடியவர் போவார். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. அந்த நாட்டில் என் பெயர் அதுவரை இருந்த பட்டியல்கள் எல்லாம் யாரோ எனக்காக முடிவெடுக்கும் பட்டியல்கள். இது ஒன்றாவது நானாக ஏறுவதாக இருக்கட்டும் என்று பிடிவாதம்.

வளையம் தபால்காரப் பெண்ணின் பொறுப்பு என்று விட்டுவிட்டு, நான் துளையைப் பிடித்துக்கொண்டேன். அதைத் திருகிப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்கலாம். ஊசித்துளைக் கமெரா படித்தவன் அல்லவா? துளை சிறுத்தால் படம் கூர்மையாகும் என்று மிகச் சிறியதாக்கினேன். கூர்மையானது உண்மைதான், ஆனால் நிலக்கீழ் அறை விளக்கில் எல்லாம் மாலை இருட்டு மாதிரி மங்கியது. பெருப்பித்தேன். வெளிச்சம் வந்தது, வளையம் நீந்தத் தொடங்கியது. அறைக்கு வந்து வகுப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் கதிர்ப்படங்கள் கீறினேன். படத்தில் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் சங்கத்தில் சுட்டுவிட்டு, கைபிடியைச் சுற்றிக் கம்பியில் தொங்கும் இலக்கு அட்டையை இழுத்துப் பார்த்தால் பத்துக்கு ஐந்து, ஏழு, ஆறு.

"ஒரு பக்கத்துக்கும் நீ ஓரவஞ்சனை செய்யவில்லை" என்றார் தபால்காரப் பெண், அட்டையில் நாலா பக்கமும் சிதறிக் கிடந்த துளைகளைப் பார்த்து.

ஒவ்வொரு வியாழனும் அதே கேள்வி, அதே தலையாட்டல், தகரப் பெட்டிக்குள் அதே கிளறல். கடைசியில் கண் பரிசோதிக்கச் சொன்னார். போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம், குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் வந்திருக்காது.

கடைசி வியாழன் மழையும் காற்றும். பஸ்ஸில் போனேன். மன்னார்ப் பொடியன் தானும் வருகிறேன் என்று ஏறிவிட்டான். சங்கத்தில், சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்து பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு குண்டு சுட்டுவிட்டேன். ஒன்றும் உருப்படியில்லை. தபால்காரப் பெண் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார். ஆட்டினேன். அவர் பெட்டியைத் திறந்தார்.

"டேய்," என்றான் பின்னாலிருந்து. "அவ கேட்டதுக்கு என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டு."

"எங்க சொன்னனீ? தலையையெல்லோ ஆட்டினனீ. இவையளுக்கு அந்த ஆட்டு 'இல்லை' எண்டுதான் விளங்கும். நகரசபைக் கந்தோரில எனக்குத் தந்த கம்பளிக் கோட் அப்பிடித்தானே திரும்பிப் போனது."

"கொஞ்சம் பொத்து."

"நான் பொத்துறன், நீ வாயைத் திற. ஆட்டேக்கை உன்ர கன்னமும் துவக்குக் கட்டையை விட்டு எழும்புது. பிறகு எந்த ஓட்டைக்குள்ளால பாக்கிறாய்?"

பாயில் படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன். எத்தனை வியாழக்கிழமைகள். கன்னத்தை அசைக்காமல், "முதல் நாள் போட்ட சின்ன வளையம் வேண்டும்" என்று டேனிஷில் சொன்னேன். அவர் பெட்டியில் தேடி அதைப் பூட்டினார். வெள்ளை ஒடுங்கி வந்தது, சுற்றிவர, ஒரே அளவில். மிச்சம் நாலு குண்டு: பத்து, ஒன்பது, பத்து, பத்து.

எண்பது. வாத்தியாருக்கு எண்பத்தாறு.

இன்னொரு அட்டை கேட்டேன். எல்லோருக்கும் ஒரு அட்டைதான் என்றார் தபால்காரப் பெண்.

"நீ இத்தனை வாரமும் தெரியவில்லை என்றுதானே சொன்னாய்?"

"தெரிகிறது என்றுதான் சொன்னேன்."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உன் நாலு குண்டையும் நான் பார்த்தேன்" என்றார். பிறகு பட்டியலில் வாத்தியாரின் பெயரை எழுதினார். அவர் நியாயமாகத்தான் நடந்தார். அதுதான் இன்னும் எரிச்சல். கோபிக்க ஒருவரும் இல்லை.

போட்டியைப் பார்க்க நான் போகவில்லை. அடுத்த வியாழன் போனபோது தோற்றுவிட்டோம் என்றார்கள். கவலைப்பட்டது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்டேன்.

மூன்று.

சின்ன வளையத்தைப் பூட்டி, பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன்.