பல்லைக் கடித்த கிளி

ஷிப்ட் முடிந்து கிளவுஸைக் கழற்றும்போது மூக்கில் ஏறுகிற இந்த ஆயில் நெடி, லாரி நிறுத்துவதற்காக இடித்துத் தள்ளிய எங்கள் பென்னலூர் லைன் வீட்டுக்கே என்னை இழுத்துப் போகிறது. அங்கே அப்பனின் கிழிந்த கிளவுஸ்தான் எங்கள் கிளிக்குத் தூக்கத் துணை. பொழுது சாய்ந்ததும், கூண்டில் தொங்கும் அந்தக் கிளவுஸின் விரலொன்றில் கன்னத்தைச் சாய்த்து, ஒற்றைக்காலில் நின்று, கண் செருகச் செருக அலகை நறநறவென்று அரைக்கும். நிம்மதியாகத் தூங்கப்போகிற கிளிதான் அப்படி அரைக்கும். அம்மாவின் முதுகில் பெல்ட் விழும்போது கூண்டில் சத்தமே இருக்காது. நறநற தொடங்கினால் அன்றைய அடி ஓய்ந்தது என்று கட்டிலுக்கடியில் கிடக்கும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் அம்மா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கிளி அரைக்கத் தொடங்கியது.

"இன்னாடி, என்னப் பாத்து பல்லக் கடிக்குது?" என்றான் அப்பன்.

"தூங்கப் போவுதுய்யா. கிளிக்கு ஏது பல்லு?" என்றாள் அம்மா.

அவன் கூண்டுக்குள் கையை விட்டான். கையிலும் அதே ஆயில் நெடி. கிளி கண்ணைத் திறக்காமலே அவன் விரலில் கன்னத்தைச் சாய்த்தது. அந்த விரல்களாலேயே அதன் கழுத்தைத் திருகினான்.

அதற்குப் பிறகு, அடி ஓய்ந்ததா என்று தெரியாமலே கட்டிலுக்கடியில் கிடந்தேன்.