வம்சத்தைக் குறுக்கும் கல்

அன்னவாசலுக்கு மேற்கே அந்தச் சிற்றூரில், உடையப்பன் வாயைத் திறந்தால் ஊரார் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் கேட்பார்கள். அந்த மீதியிலும் பாதி புளுகாக இருக்கும். கிடா முட்டியதை யானை துரத்தியது என்பார். ஒரே ஒரு தடவை மணமேல்குடிக்குக் கருவாடு வாங்கப் போய்வந்தவர், நடுக்கடலில் கப்பல்காரன் தன்னைக் கூப்பிட்டு வழி கேட்டான் என்று ஆறு மாதம் சொல்லித் திரிந்தார். அண்டப்புளுகர்தான், ஆனால் கெட்டவரில்லை. ஆறடி ஆள், காட்டில் இறங்கினால் இரண்டு மாட்டு வேலை பார்ப்பார். ஒரே மகள் அமராவதி என்றால் உயிரை விடுவார்.

அவருடைய புன்செய்க்காட்டின் நடுவே செம்புறாங்கற்கள் இடுப்புயரத்துக்கு வட்டமாக நட்டுக் கிடந்தன. எந்தக் காலத்தில் யார் நட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத விசயம் என்றால் நம்மவர்களுக்குக் கேட்கவா வேண்டும், ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். குரங்குகள் பட்டடை போட்ட இடம் என்று சொல்லி அதற்குக் குரக்குப்பட்டடை என்று பெயர். சாண் உயர வாலியர்கள் நெருப்புமழைக்குப் பயந்து கட்டிய வீடு என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கிழடுகளுக்குச் சாவே வராதாம். வயசாக ஆகக் குறுகிக் குறுகிப் பூனைக்குட்டி அளவுக்கு வந்துவிடுவார்களாம். விளக்கு மாடத்தில் தூக்கி வைத்துச் சோறூட்டி அலுத்துப்போன மருமகள்கள், தாழியில் இறக்கி, கூடவே கொஞ்சம் சோற்றையும் வைத்து அந்த வட்டத்துக்குள் புதைத்துவிடுவார்களாம். இந்தக் கட்டம் வரும்போது ஊர் மாமியார்கள் மட்டும் வேலை இருக்கிறது என்று எழுந்து போவார்கள்.

அமராவதிக்கு நாலு வயசிருக்கும்போது உடையப்பன் கிணறு வெட்டினார். தண்ணீர் கண்டது. சுற்றுச்சுவருக்குக் கல் இல்லை. கல்லைச் சொந்தக் காட்டில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேட அவரென்ன பைத்தியமா? கடப்பாரையோடு போனார். எந்த வாலியனும் வந்து கையைப் பிடிக்கவில்லை. பதினொரு கல்லைப் பெயர்த்து, கொத்திச் சீர்செய்து, கிணற்றைக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசினார். பழங்கல் என்று தெரிந்தால் ஊரே பங்குக்கு வரும் என்பதால், கல்லைத் திருமயத்தில் வாங்கியதாகச் சொல்லிவைத்தார். வட்டத்தில் மொத்தம் எத்தனை கல் என்று எண்ணி வைத்தவர் ஊரில் யாருமில்லை.

ஆனாலும் பங்காளி கண்ணுசாமிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "அண்ணே, காட்டுல சும்மா கெடக்குற கல்லுல நாலஞ்சு நான் எடுத்துக்கிறேன். மாட்டுக்கொட்டகைக்கு ஆகும்" என்று வந்து நின்றார். மீதிக் கல்லையும் பிறகு தானே எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த உடையப்பனுக்கு, முடியாது என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. பொய் வந்தது.

"தாராளமா எடுத்துக்க தம்பி. ஆனா விடியக்காலம் கனவுல ஒரு வாலியன் வந்தான். ஆளு ஒரு சாண், தாடி ஒரு முழம். 'இந்தக் கல்லைத் தொட்டவன் வம்சம் தலைமுறைக்கு ஒரு சாண் குறுகும்டா'ன்னுட்டுப் போறான். ஒனக்கு மூணு ஆம்பளைப் புள்ளைக. நீயே யோசிச்சுக்க."

கண்ணுசாமி நேராக வீட்டுக்குப் போய் மூன்று பையன்களையும் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்தார். அத்தோடு கல் ஆசை விட்டது. கதையை மட்டும் விடவில்லை, ஊர் முழுக்க எடுத்துப் போனார். ஊரும் தன் பங்குக்கு ஊதிப் பெருக்கியது. அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார்கள். வட்டத்துக்குள் மேய்ந்த ஆடு சின்னதாகக் குட்டி போட்டதாம். அந்த ஆடு யாருடையது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

ஆரம்பத்தில் உடையப்பன் வீட்டுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரையே மடையனாக்கிட்டேன், பாத்தியா?" என்று மனைவி செங்கமலத்திடம் மார் தட்டினார். பொய்யைக் காப்பாற்ற வட்டத்துக்குள் ஏர் ஓட்டுவதை நிறுத்தினார். மீதிக் கல்லை அவரும் எடுக்க முடியாமல் போயிற்று. வருசா வருசம் அதே கதையை ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, அந்த வாலியனின் தாடி நரைத்ததா கறுத்ததா என்பது வரை அவருக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

அமராவதி பதின்மூன்று வயசில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டாள். அதிசயம் ஒன்றுமில்லை. செங்கமலம் குள்ளம். கல்யாணத்தன்று மணையில் நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நின்றுதான் புருசனுக்கு மாலை போட்டாள். தாயைப்போலப் பிள்ளை, அவ்வளவுதான். ஆனால் கதை கட்டிய மகராசனுக்கு அது உறைக்க வேண்டுமே! ஒவ்வொரு அமாவாசைக்கும் மகளை நிலைக்கதவில் சாய்த்து நிறுத்தி, தலைக்குமேல் கரியால் கோடு போட்டார். மூன்று வருசமாகக் கோட்டின்மேலேயே கோடு விழுந்தது.

"எதுக்குப்பா இது?" என்று அவள் கேட்டால், "சும்மாத்தான் ஆத்தா" என்பார். அன்று முழுக்கச் சோறு இறங்காது. பாம்பு கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு வட்டத்தின் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார்.

அந்தத் தை மாசம் அமராவதிக்குத் திருமயத்திலிருந்து சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பிச்சைமுத்து கண்ணியமான மனுசர். புதன்கிழமை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. அதற்கு நாலு நாள் முன்னால் சமஸ்தானத்து ஆபீசர் ஒருவர், பழங்கால இடங்களை அளக்கிறவர், டேப்பும் நோட்டுமாக வந்து இறங்கினார். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. அவர் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"மொத்தம் இருபத்தெட்டுக் கல் இருந்திருக்கு. பதினொண்ணைப் பெயர்த்த குழி தெரியுது. யார் எடுத்தது?"

உடையப்பன் தும்முவதுபோல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணுசாமி சும்மா இருப்பாரா? அரிவாளோடு கிணற்றுக்குப் போய்ச் சுண்ணாம்பைச் சுரண்டினார். உள்ளே செக்கச்செவேலென்று கல் பல்லைக் காட்டியது. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பதினொன்றில் நிறுத்தினார். ஆபீசர் எழுதிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். சேதி அவருக்கு முன்னால் திருமயம் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை பிச்சைமுத்து சொன்னபடி வந்தார். அமராவதியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உடையப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆறடி இருக்கீங்க. பொண்ணு ஒங்க நெஞ்சுக்குக் காணோம். எங்க பேரன் எம்புட்டு இருப்பான்? அவனுக்குப் பொறக்குறது மாடத்துலயில்ல நிக்கும்?"

உடையப்பன் ஆடிப்போனார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சபையில் உண்மையைச் சொன்னார். "கனவும் இல்ல, வாலியனும் இல்லீங்க. கண்ணுசாமி கல்லைத் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு நானாக் கட்டிவிட்ட கதைங்க. எம்மக மேல சத்தியம்."

ஒருத்தரும் நம்பவில்லை. "பாவம், பொண்ணைக் கரையேத்தப் பொய் சொல்றாரு" என்று கண்ணுசாமி உச்சுக்கொட்டினார். பன்னிரண்டு வருசம் பொய்யை முழுசாக விழுங்கிய ஊர், உண்மை வந்த அன்றைக்குத்தான் பாதியைத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தது!

பிச்சைமுத்துதான் வழி சொன்னார். "கட்டுன கதைன்னா ரொம்பச் சுலுவு. எல்லாரும் பாக்க உள்ள போயி ஒரு கல்லைத் தொட்டுட்டு வாங்க. அங்கனயே பாக்கு மாத்திக்குவோம்."

தாம்பாளத்தைச் செங்கமலம் தூக்கிக்கொள்ள, எல்லோருமாகக் காட்டுக்குப் போனார்கள். உடையப்பன் கைவீசி முன்னால் நடந்தார். பதினொரு கல்லைப் பெயர்த்த அதே ஆள். வட்டத்தின் ஓரத்தில் வலதுகாலைத் தூக்கினார். தூக்கிய கால் இறங்க மாட்டேன் என்றது. விளக்கு மாடத்தில் ஒரு சாண் பேரன் உட்கார்ந்து, தாத்தா, சோறு என்று கையை நீட்டுவதுபோல் தோன்றியது. காலைப் பின்னால் வைத்தார்.

"முள்ளு குத்திருச்சு" என்றார்.

"நகருங்கப்பா" என்று அமராவதி அவரைத் தாண்டி உள்ளே நடந்தாள். அவள் ஒரு கல்மேல் இரண்டு கையையும் பதித்துத் திரும்பிப் பார்த்தாள். "வெறுங்கல்லுதாங்க மாமா."

பிச்சைமுத்துவின் முகம் தெளிந்தது. கை தாம்பாளத்துக்குப் போனது. அட, ஒரு நிமிசம் பெத்த மனுசன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே! எத்தனை பொய்க்குத் திறந்த வாய்!

"தொடாதடி!" என்று அலறினார் உடையப்பன். "கையை எடுடீ! கொலமே குறுகிப் போயிருமடி, வெளிய வா!"

அதில் பொய்யே இல்லை என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பிச்சைமுத்து கையை இழுத்துக்கொண்டார். வருகிறோம் என்று சொல்வதுதான் முறை. அவர், "போறோம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். ஊரும் ஒவ்வொருவராகக் கலைந்து போயிற்று.

அமராவதி அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து அழுதாள். உடையப்பனுக்கும் கண்ணீர் வழிந்து மார் நனைந்தது.

"வெயிலு ஏறுது ஆத்தா. வா, வீட்டுக்குப் போவோம்."

"நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க."

"நீ வா ஆத்தா."

"ஒரு எட்டுத்தானப்பா?" என்றாள் அவள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். செங்கமலம் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாம்பாளத்தை அவர் கையில் திணித்துவிட்டு, உள்ளே போய் மகளின் முகத்தை முந்தானையால் துடைத்து, கையைப் பிடித்து அழைத்துவந்தாள். இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்க்காமல் வரப்பேறி வீட்டுக்கு நடந்தார்கள்.